கையால் கட்டிய கணிப்பொறியும் வாயால் கொடுத்த வாக்கும்

நம் வீட்டுப் பிள்ளைகளின் கைத்திறனைக் கண்டு மகிழாத பெற்றோர் இல்லை. மதர்போர்டு ஒரு கடையில், பிராசஸர் வேறொரு கடையில் என விலை விசாரித்து வாங்கி வந்து, தாமே பொருத்தித் தாமே இயக்கிப் பார்க்கும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் மேலும் ஒரு படி சென்று, ஆப்பிள் நிறுவனத்தார் தம் மேக் கணிப்பொறிகளுக்கென்றே ஆக்கிய இயங்குதளத்தை அந்தச் சொந்தப் பெட்டியில் ஓட வைத்துவிடுகின்றனர். இவ்வாறு அமைந்த கணிப்பொறிக்கு ஹேக்கின்டோஷ் என்று பெயர். நிகாஹ் வீடியோக்களைத் தொகுப்பவர், இசையில்லாப் பாடல்களைப் பதிவு செய்பவர், வடிவமைப்புப் பயிலும் மாணவர் எனப் பலரும் இதை நாடுகின்றனர். மேக் வாங்கப் பணமில்லை, மேக்கிற்கென எழுதப்பட்ட மென்பொருளோ தேவை என்பதே காரணம்.

அது முதன்முதலாக இயங்கிய நாள் வீட்டில் பெருநாள்தான். ஆனால் சோதனை வருவது புதுப்பிக்கும் நாளில். திரையின் ஓரத்தில் புதிய பதிப்பு வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு தோன்றும். ஆர்வ மிகுதியால் அதை அழுத்தியவருக்கு மறுநாள் கறுத்த திரையே மிஞ்சக்கூடும். உள்ளே இருப்பவை மகளின் ஆய்வேடு, பெரியவர்களின் நிழற்படங்கள், கடைக் கணக்கு, ஜமாஅத்தின் சந்தாப் பட்டியல் ஆகியவை. வீட்டாரின் அமானிதங்கள் பல அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆகவே இதைப் பிள்ளைகளின் விளையாட்டென்று ஒதுக்காமல், பெற்றோரும் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

எப்படிச் சாத்தியமாயிற்று?

ஆப்பிள் நிறுவனம் பவர்பிசி எனும் சிப்புகளைக் கைவிட்டு இன்டெல் சிப்புகளுக்கு மாறப்போவதாக 2005 ஜூனில் அறிவித்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வெளிவந்தது. அன்று முதல் மேக்கின் இதயமும் நம் ஊர்க் கடையில் விற்கும் கணிப்பொறியின் இதயமும் ஒரே இனமாயின. ஹேக்கின்டோஷ் பரவ வழி திறந்தது அதனால்தான்.

எனினும் மேக் இயங்குதளம் தான் ஆப்பிள் கருவியில்தான் இருக்கிறோமா என்று சோதித்துப் பார்க்கும். அதற்கு விடை சொல்லும் வேலை பூட்லோடருடையது. மின்சாரம் பாய்ந்தவுடன் இயங்குதளத்திற்கு முன்பாக எழுந்து, அதைத் தட்டியெழுப்பும் சிறு மென்பொருள் இது. “இது இன்ன மாடல் ஐமேக், இதன் வரிசை எண் இன்னது” என்று இயங்குதளத்திடம் அறிமுகம் செய்து வைப்பதும் அதுவே. முன்னர் கேமிலியன், குளோவர் ஆகியவை வழக்கிலிருந்தன. 2019-ல் வெளிவந்த ஓப்பன்கோர் இப்போது பெரும்பாலோரின் தேர்வு.

அடுத்தவை டிரைவர்கள். மேக் உலகில் இவற்றைக் கெக்ஸ்ட் என்பர். ஆப்பிள் தன் கருவிகளில் வைக்காத பாகங்களோடு இயங்குதளம் பேசுவதற்கு இவை மொழிபெயர்ப்பாளராக நிற்கின்றன. லிலு என்பது மற்றவற்றைத் தாங்கும் அடித்தளம். மேக்கில் உள்ள எஸ்எம்சி எனும் சிப்பு இங்கும் இருப்பதுபோல் காட்டுவது விர்ச்சுவல்எஸ்எம்சி. திரைக்கு வாட்எவர்கிரீன், ஒலிக்கு ஆப்பிள்ஏஎல்சி. இயங்குதளம் புதிய பதிப்பிற்கு மாறும்போது, பழைய டிரைவர் அதனோடு பேசத் தெரியாமல் திகைக்கிறது. ஆதலால் முதலில் பூட்லோடரும் டிரைவர்களும், அதன் பின்னரே இயங்குதளம் என்ற வரிசையை மாற்றலாகாது.

புதுப்பிக்கும் முறை

முதலாவது, பிரதி எடுத்தல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். இங்கே ஒட்டகத்தைக் கட்டுவது என்பது, டைம் மெஷின் வாயிலாகக் கோப்புகள் முழுவதையும் தனியொரு வட்டில் பதிந்து வைப்பதாகும்.

இரண்டாவது, பென் டிரைவில் சோதித்தல். வட்டின் மறைவான ஒரு பகுதியில் இஎஃப்ஐ என்ற கோப்புறை உள்ளது. பூட்லோடரும் டிரைவர்களும் அமைப்புக் கோப்பும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தக் கோப்புறையை ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவில் படியெடுத்து, மாற்றங்கள் அனைத்தையும் அந்தப் படியிலேயே செய்யுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்து கணிப்பொறியை எழுப்பிப் பாருங்கள். எழாவிட்டால் அதைப் பிடுங்கிவிடலாம். பழைய வாசல் திறந்தே இருக்கும்.

மூன்றாவது, ஒரே பதிப்பைச் சேர்ந்த கோப்புகளையே வைத்தல். ஓப்பன்கோரின் முதன்மைக் கோப்பு ஒரு பதிப்பாகவும் அதன் துணையான ஓப்பன்ரன்டைம் வேறொரு பதிப்பாகவும் இருத்தல் கூடாது. லிலுவைப் புதுப்பித்தால் அதைச் சார்ந்த கெக்ஸ்டுகளையும் உடன் புதுப்பிக்க வேண்டும். ஏற்றப்படும் வரிசையில் லிலுவே முன்னால் நிற்க வேண்டும்.

நான்காவது, அமைப்புக் கோப்பைச் சரிபார்த்தல். கான்ஃபிக் எனப்படும் இக்கோப்பில் பதிப்புக்குப் பதிப்பு சில வரிகள் கூடும், சில நீங்கும். மற்றவற்றை மாற்றிவிட்டு இதை மட்டும் பழையபடியே விட்டுவிடுவது, கணிப்பொறி எழாமற்போவதற்கு முக்கியமான ஒரு காரணம். புதிய பதிப்புடன் வரும் மாதிரிக் கோப்பை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். ஓசிவேலிடேட் என்ற சிறு கருவி பிழைகளைச் சுட்டிக்காட்டும். அதுவும் அதே பதிப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பொறுமை. பென் டிரைவிலிருந்து எழுந்துவிட்டது என்றதும் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். ஒலி, வலையிணைப்பு, உறக்கநிலைக்குச் சென்று திரும்புதல் ஆகிய அனைத்தையும் சோதித்த பிறகே உள்வட்டின் இஎஃப்ஐ பகுதிக்கு அதை மாற்றுங்கள். இவை யாவும் முடிந்த பின்னரே இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் பேச்சு.

யாரோ தயாரித்து வைத்த இஎஃப்ஐ கோப்புறையை அப்படியே இறக்கிக்கொள்வது எளிதாகத் தோன்றும். அது ஆபத்தானது. கெக்ஸ்டுகள் இயங்குதளத்தின் கருவறையிலேயே இயங்குபவை. முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்போமா?

வரிசை எண் யாருடையது?

இனி, தொழில்நுட்ப நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் ஒரு செய்தி. ஹேக்கின்டோஷ் தன்னை மேக் என்று கூறிக்கொள்ள ஒரு வரிசை எண் வேண்டும். அதை உண்டாக்கித் தரும் கருவிகளும் உண்டு. அவ்வாறு பிறந்த எண், எங்கோ ஒருவர் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய மேக்கின் எண்ணாகவும் அமைந்துவிடலாம். ஆப்பிள் நிறுவனத்தின் உத்தரவாதச் சோதனைப் பக்கத்தில் அந்த எண்ணை இட்டு, உண்மையான கருவி எதற்கும் உரியதன்று என உறுதி செய்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று இத்துறையினரே எச்சரிக்கின்றனர். பிறரிடமிருந்து இறக்கிய கோப்புறையில் அவருடைய எண்ணே அமர்ந்திருக்கும் என்பதையும் மறக்கலாகாது. அடியார்களின் உரிமை என்று மதரஸாவில் பாடம் ஓதுகிறோமே, அது நிலத்திலும் நகையிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை.

“சம்மதம்” என்ற பொத்தான்

மேக் இயங்குதளத்தை நிறுவும்போது நீண்டதோர் ஒப்பந்தம் திரையில் தோன்றும். ஆப்பிள் பெயர் தாங்கிய கணிப்பொறியில் மட்டுமே இதை நிறுவலாம் என்ற நிபந்தனை அதில் உள்ளது. கீழே “சம்மதம்” என்ற பொத்தான். ஒரு வரியையும் படியாமல் அதை அழுத்திவிடுகிறோம்.

“இயங்குதளத்தை இலவசமாகத்தானே தருகிறார்கள்?” என்று பிள்ளைகள் கேட்பர். 2013 முதல் அதற்குத் தனி விலை இல்லை என்பது உண்மையே. ஆனால் கருவியை வாங்கியவர் கொடுத்த விலைக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்நிபந்தனை நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த சைஸ்டார் என்ற நிறுவனம், 2008-ல் தன் கணிப்பொறிகளில் மேக் இயங்குதளத்தை ஏற்றி விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009-ல் தீர்ப்பு ஆப்பிளுக்குச் சாதகமாக அமைந்தது. மேல்முறையீட்டிலும் 2011-ல் அதுவே உறுதியாயிற்று. அது வணிகம் செய்தவர்மீது வந்த வழக்கு. வீட்டிலிருந்து பயில்பவர்மீது வந்ததன்று. ஆயினும் இருவரும் அழுத்திய பொத்தான் ஒன்றே.

இது ஹலாலா, ஹராமா என்று இங்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது. விற்பவர் விதிக்கும் நிபந்தனைகளுள் எது செல்லும், எது செல்லாது என்பது பற்றி ஃபிக்ஹு நூல்களில் நெடிய விவாதங்கள் உண்டு. ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிம்களிடம் விவரத்தை முழுமையாக எடுத்துக் கூறிக் கேட்டறியட்டும். ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்திடம் “நான் ஐமேக்” என்று கூறுவது பொய்யில் சேருமா என்பதையும் அறிஞர்கள் ஆராயட்டும். ஆனால் பொத்தானை அழுத்தியது இயந்திரமன்று. நம் பிள்ளையின் விரல். திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம், ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்கு இடும் கட்டளையுடன் தொடங்குகிறது. அதை ஓதும் நாவும் படியாமல் சம்மதிக்கும் விரலும் ஒரே உடலில் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாளை இதே பிள்ளை வாடகை ஒப்பந்தத்திலும், வேலை ஒப்பந்தத்திலும், நிகாஹ் பதிவேட்டிலும் கையெழுத்திடப் போகிறவர் அல்லவா?

பாதை முடியும் இடம்

மார்க்க நோக்கை ஒரு புறம் வைத்தாலும், நடைமுறை நோக்கிலும் இப்பாதை முடிவை நெருங்கிவிட்டது. 2018-ல் வந்த மொஹாவி பதிப்புடன், என்விடியாவின் புதிய கிராஃபிக்ஸ் அட்டைகள் வைத்திருந்தோர் பழைய பதிப்பிலேயே தங்கிவிட நேர்ந்தது. 2023-ல் வந்த சொனோமா, பலர் விரும்பிப் பொருத்தியிருந்த பிராட்காம் வைஃபை அட்டைகளைக் கைவிட்டது. ஆப்பிள் 2020-ல் தன் சொந்தச் சிப்புகளுக்கு மாறத் தொடங்கி, 2023 ஜூனில் விற்பனையிலிருந்த மேக் வகைகள் அனைத்தையும் மாற்றி முடித்தது. 2025-ல் வெளிவந்த தஹோ பதிப்பே இன்டெல் கருவிகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அவ்வாண்டு ஜூனில் அறிவித்தும்விட்டது. ஆப்பிள் சிப்பின் மொழியில் மட்டுமே எழுதப்படும் இயங்குதளத்தை இன்டெல் சிப்பிற்குப் புரிய வைக்க எந்தப் பூட்லோடராலும் இயலாது.

ஆகவே இன்று ஹேக்கின்டோஷைப் புதுப்பிப்பவர், வெளியேறும் வழியையும் உடன் அமைத்துக்கொள்ள வேண்டும். மேக்கின் ஏபிஎஃப்எஸ் முறையில் உள்ள வட்டை விண்டோஸ் தானாகப் படிக்காது. கணிப்பொறி நல்ல நிலையில் இருக்கும்போதே, குடும்பக் கோப்புகளை எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த வட்டொன்றில் படியெடுத்து வையுங்கள். மேக்கில் மட்டுமே திறக்கும் கோப்புகளைப் பொதுவான வடிவங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து எங்கே செல்வது? மேக்தான் தேவையென்றால், பழைய மேக் ஒன்றைச் சேமித்து வாங்கலாம். அதே பெட்டியே போதுமென்றால் லினக்ஸ் உள்ளது. உபுண்டு, ஃபெடோரா போன்றவை தமிழில் எழுதவும் படிக்கவும் இடம் தருகின்றன. எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸும் வீடியோத் தொகுப்பிற்குக் கேடென்லைவும் உண்டு. மேக்கில் பழகிய கைக்குத் தொடக்கத்தில் தடுமாற்றம் இருக்கலாம். ஆனால் லினக்ஸின் உரிமம் பயன்படுத்தவும், திறந்து பார்த்துக் கற்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் அனுமதி தருகிறது. பூட்லோடரைப் பிரித்துப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அங்கே ஒளிவுமறைவின்றி உழைக்கப் பெரியதொரு களம் காத்திருக்கிறது.

பெற்றோர்களே! பிள்ளைகளின் ஆர்வத்தை அதட்டி அடக்கிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது? எனக்கும் படித்துக் காட்டு” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் படித்தபின் சம்மதிக்கும் பழக்கம் அவர்களிடம் வளரும். கைத்திறனும் வாக்குத் தவறாமையும் ஒருங்கே அமைந்த தலைமுறையை நமக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.