நட்பு நிலைக்க எழுத்து வேண்டும்

 

எமது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் வருவதை நிறுத்திவிட்டான். விசாரித்தபோது, அவனுடைய தந்தை மவ்த்தாகி நான்கு மாதங்களாகியும் கடையில் அவருக்கிருந்த பங்கு வீட்டாருக்கு வந்து சேரவில்லை எனத் தெரிந்தது. தந்தையும் அவருடைய நண்பரும் பதினோர் ஆண்டுகள் கூட்டாகக் கடை நடத்தியவர்கள். ஒரு வரியும் எழுதிக்கொண்டதில்லை. நண்பர் கெட்டவரும் அல்லர். "யார் எவ்வளவு முதல் போட்டோம் என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். இப்போது நான் சொன்னால் யார் நம்புவார்?" என்று கண் கலங்கினார். இத்தாவிலிருந்த அந்தச் சகோதரியிடமோ காட்ட ஒரு தாளும் இல்லை.

"நமக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்பதையே நாம் நம்பிக்கை என எண்ணுகிறோம். ஆனால் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய 2:282, தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் நமக்குப் பணிக்கிறது. கடனுக்கே இப்படியென்றால், ஆண்டுக்கணக்கில் தொடரும் கூட்டு வியாபாரத்துக்கு எழுத்து எவ்வளவு அவசியம் என்பதைச் சிந்தியுங்கள்!

வழக்கறிஞரைத் தேடுவது எவ்வாறு?

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேடுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. எனவே விசாரித்தறிவதே வழி. கூட்டாக வியாபாரம் செய்யும் வணிகர்களையும் உங்கள் ஆடிட்டரையும் கேளுங்கள். நீதிமன்ற வாதத்தில் பெயர் பெற்றவரைவிட, ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பழகியவரே இதற்கு ஏற்றவர். கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவர் ஒரு பங்காளியின் குடும்ப வழக்கறிஞராயின், மற்றவர் நகலை வேறொருவரிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடட்டும்.

அவரிடம் கேட்க வேண்டியவை

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையெனில் லாபமும் நஷ்டமும் சமபங்கு. ஷரீஅத்திலோ நஷ்டம் அவரவர் போட்ட முதலின் விகிதப்படியே. லாபப் பங்கில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டு, முடிவைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமான மாதிரிப் பத்திரங்களில் முதலுக்கு வட்டி தரும் வாசகம் இடம்பெறுவதுண்டு. அதை நீக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

கடையின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் தம் சொந்தச் சொத்தைக் கொண்டும் பொறுப்பாளியாவார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பங்காளி ஒருவர் மரணமடைந்தால் எத்தனை மாதங்களுக்குள் கணக்கு முடித்து வாரிசுகளிடம் ஒப்படைப்பது என்பதை மறவாமல் எழுதுங்கள்.

முத்திரைத்தாளில் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். பதிவு கட்டாயமன்று, ஆயினும் பதிவு செய்யப்படாத நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டிய பாக்கிக்காகப் பிறர் மீது வழக்குத் தொடர இயலாது. பதிவையும் அவரைக்கொண்டே முடித்துவிடுங்கள்.

பத்திரத்தின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். சகோதரிகளே, அதை வாசித்து வையுங்கள். பங்கு கிடைக்காத நிலை ஏற்பட்டால், 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி இலவச சட்ட உதவி கோரலாம்.

பழைய ரசீதுகளைத் தேடியெடுத்து, ஜமாஅத் பெரியவர்கள் ஒருவாறு அந்தக் கணக்கைத் தீர்த்து வைத்தனர். ஆனால் அந்த மாணவனுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு போயிற்று. ஒரு தாள் அதைக் காத்திருக்கும்.

நம் வணிகத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.