கண்டல் இலையில் பூக்கும் உப்பு

திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி, சிதம்பரத்துக்குத் தில்லை. மரத்தால் பெயர் பெற்ற ஊர்கள் இரண்டும். தில்லை மரத்தை இன்று பார்க்க வேண்டுமென்றால் சிதம்பரத்திலிருந்து கிழக்கே பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். அங்கே தில்லையோடு வெண்கண்டலும் சேற்றில் நிற்கிறது. வெயில் ஏறிய பிறகு அதன் இலையில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் வழியே ஏறிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. இந்த மரத்தின் கன்றிலும் அதே சுரப்பிகள்! தாய்மரம் கன்றுக்கு இதை எப்படிக் கொடுத்தது?

டி.என்.ஏ. வழியாகத்தான். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன இரட்டை இழை அது. ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. இழைகள் பிரிந்தால், ஒன்றைப் பார்த்தே மற்றொன்றை எழுதிவிடலாம். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் துணைநிற்க, 1953-இல் வாட்சனும் கிரிக்கும் இந்த அமைப்பைச் சொன்னார்கள். விதைக்கருவின் டி.என்.ஏ.வில் பாதி தாயுடையது, பாதி மகரந்தத்தோடு வந்தது. நெல்லென்றால் 12 குரோமோசோம் அங்கிருந்து, 12 இங்கிருந்து.

மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஜி-ஜி-ஏ என்றால் கிளைசின். கண்டலிலும் நெல்லிலும் நம் உடம்பிலும் அப்படியே. எனக்கு இந்தப் பாடத்தில் இன்றும் மெய்சிலிர்க்கும் இடம் இதுதான்.

எழுத்து ஒன்றென்பதால்தான் கண்டலின் மரபணுவை நெல்லால் படிக்க முடிந்தது. உப்பு மிகுந்தால் செல்லுக்குள் சூப்பராக்சைடு என்ற நச்சு பெருகும். அதை முறிக்கும் நொதிக்கான வெண்கண்டல் மரபணுவை, சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு பூசா பாஸ்மதி-1 நெல்லுக்குள் செலுத்தி, 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய கால்பங்கு உப்புள்ள நீரில் அந்த நாற்றுகள் எட்டு நாள் தாங்கின. பக்கத்திலிருந்த சாதாரண நாற்றுகள் வாடிவிட்டன.

பெரிய சாதனைதான். ஆனால் ஆய்வகத்து நீரில் எட்டு நாள் வேறு, வயலில் ஒரு போகம் வேறு. உப்பைத் தாங்கும் குணம் ஒரு மரபணுவின் வேலையல்ல. பல மரபணுக்கள் கூடிச் செய்வது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் புகுந்த வயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குணத்தின் அருமை தெரியும்.

அந்த மரபணுக் கூட்டு ஏற்கெனவே அமைந்த நெல்கள் நம்மிடம் உண்டு: நாகைக் கடலோரத்துக் குழிவெடிச்சான், களர்பாலை, கேரளத்துப் பொக்காளி. பொக்காளியின் முதல் குரோமோசோமில் ‘சால்டால்’ என்றொரு பகுதியைக் கண்டறிந்திருக்கிறார்கள். நாற்றுப் பருவத்தில் உப்பைச் சமாளிக்க உதவும் பகுதி அது. அதை வேறு ரகங்களுக்குக் கொண்டுசேர்க்க மகரந்தச் சேர்க்கையே போதும். அந்தச் சேர்க்கையில் வேண்டிய பகுதி மட்டும் வந்ததா, வேண்டாததும் கூடவே வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? அடுத்த வாரம் சொல்கிறேன்.