தேளா? போலோவா? பழைய வேகக் காருக்கு அலைந்த குமாஸ்தா!

புதுச்சேரி,-

நேரு வீதியில் ஒரு மொத்தக் கடை. அங்கே கணக்கு எழுதுகிறார் அந்த குமாஸ்தா. வயது 44. இருபது வருஷமாக ஸ்கூட்டர்தான். சீட்டு எடுத்த பணமும் சேமிப்பும் சேர்ந்து கையில் 5 லட்சம் ரூபாய் இருந்தது.

எல்லோரையும் போல ஒரு சின்ன குடும்பக் கார் வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதற்கு ஒப்பவில்லை. ஓட்டினால் மனசுக்கு சந்தோஷம் வரணும். இதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

"மழையில நனையாம கடலூர் போயிட்டு வந்தா போதாதாங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

"அதுக்குத்தான் பஸ் இருக்கே" என்று பதில் வந்தது.

ஒரு மாதம் அலைந்தார். கடைசியில் இரண்டு கார்கள் தேறின. இரண்டுமே இப்போது புதிதாக வராத கார்கள்.

முதல் கார், போக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-ல் விற்பனைக்கு வந்த ரகம். என்ஜின் வெறும் 1,197 சி.சி. தான். ஆனால் டர்போ இருக்கிறது. புகைக்குழாய் வழியாக வெளியே போகும் புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். அதனால் சின்ன என்ஜினுக்கு 105 குதிரைசக்தி. கிளச் மிதி கிடையாது. 7 கியரையும் அதுவே மாற்றிக் கொள்ளும். 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது.

இரண்டாவது, பியட் அபார்த் புன்ட்டோ. 2015 அக்டோபரில் வந்தபோது விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்தது. 1,368 சி.சி. டர்போ, 145 குதிரைசக்தி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கியர் 5, கையால்தான் போட வேண்டும். முகப்பில் ஒரு தேள் படம்! வியன்னாவில் பிறந்த கார்லோ அபார்த் என்பவர் 1949-ல் இத்தாலியில் தொடங்கிய கம்பெனி அது. அவர் பிறந்தது நவம்பரில். அங்கத்திய கணக்குப்படி விருச்சிக ராசி. அதனால் தேளையே சின்னமாக்கிவிட்டார். 2019-ல் பியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. டாக்சியாக ஓடிய பழைய பியட்டை நினைத்துக்கொண்டு இதில் ஏறுகிறவர் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மேடு, பள்ளம்!

தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார் குமாஸ்தா. அவர் பெரியவர். ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே காரின் அடியில் படுத்துப் பார்த்தார்.

"தம்பி, தேள் வண்டிக்கு வயிறு தாழ்வு. தரைக்கும் வயித்துக்கும் 155 மில்லிமீட்டர்தான். லாஸ்பேட்டையில போட்டிருக்கிற வேகத்தடை ஒவ்வொண்ணும் உன்னை விசாரிக்கும்" என்றார்.

போலோவை அவர் சோதித்த விதம் வேறு. காலையில் என்ஜின் சூடாவதற்கு முன்பே போய் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சமதரையில் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஊர்ந்து போக விட்டார். பிறகு ரிவர்சில் மேட்டில் ஏற்றினார். கார் லேசாக நடுங்கியது.

அவர் கூறியதாவது:-

"இதில் ரெண்டு கிளச் இருக்கு. ஒண்ணு 1, 3, 5, 7 கியருக்கு. இன்னொண்ணு 2, 4, 6-க்கும் ரிவர்சுக்கும். ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது ரெடியா நிற்கும். கண்ணிமைக்கிற நேரத்துல மாறிடும். அதுதான் இந்த வண்டியோட சுகம். ஆனா ரெண்டும் ஆயில்ல முங்காத உலர் கிளச். ராஜீவ் காந்தி சதுக்கத்துல சாயங்காலம் ஊர்ந்தா சூடேறும். அதை நடத்துற மூளைப் பெட்டி கெட்டுப் போனா செலவு லட்சத்தைத் தொட்டுடும்."

ஆக, கியர் பெட்டியில் போலோ சூதாட்டம். உதிரி பாகத்தில் அபார்த் சூதாட்டம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதற்கு முன் பிறந்தவை என்பதால், இரண்டிலும் பெட்ரோல் குழாய்களைப் பார்த்தாக வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது சந்தேகமே இல்லை. காலாப்பட்டு பக்கம் அதிகாலையில் அபார்த்தை மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தார். முதலில் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்ததாம். போலோ அப்படி இல்லை. சத்தம் போடாமல் வேகம் எடுத்தது. ஓட்டுகிறவனுக்கு வேலை வைக்கவில்லை. சந்தோஷத்துக்கு என்றால் கியரும் கிளச்சும் நம் கையில் காலில் இருக்கிற கார்தான். இதில் மெக்கானிக்கும் மறுபேச்சு பேசவில்லை.

(இந்த வேகத்தை எங்கே ஓட்டுவது என்பது வேறு கதை. 2018-ம் ஆண்டு மத்திய அரசு உத்தரவுப்படி நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70 கிலோ மீட்டர்தான் உச்சம். கடற்கரைச் சாலையிலோ சாயங்காலம் ஆனால் வண்டியே விடமாட்டார்கள். முழு வேகம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குத்தான் போக வேண்டும்.)

முத்தியால்பேட்டை விலாசம்

அபார்த்துக்கு முன்பணம் கொடுக்க குமாஸ்தா தயாரானார். நம்பர் பி.ஒய்.01. நம்ம ஊர் வண்டி! தரகரும் பலே ஆசாமி. கையெழுத்து போட்ட 29, 30-ம் நம்பர் பாரங்களைத் தயாராக நீட்டினார்.

கணக்கு எழுதும் கை சும்மா இருக்குமா? ஆர்.சி. புத்தகத்தில் இருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டார். முத்தியால்பேட்டை. நடந்தே போனார்.

கதவைத் திறந்தவர் ஒரு பாட்டி.

"அப்படி யாரும் இங்க இல்லப்பா. நீ மூணாவது ஆளு. இந்த வாசல்ல கார் நிறுத்த இடம் எங்க இருக்கு, நீயே பாரு!"

வாசலில் சைக்கிள் நிறுத்தத்தான் இடம் இருந்தது.

தரகரைக் கேட்டபோது, "ஓனர் கொச்சியில இருக்காரு சார். பேப்பர் எல்லாம் பக்கா" என்றார்.

புதுச்சேரிக்கு இது புதுக்கதை அல்ல. இங்கே சாலை வரி குறைவு. கேரளாவில் 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் வரி இருந்த காலத்தில், இங்குள்ள யாரோ ஒருவரின் விலாசத்தைக் காட்டி சொகுசு கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017-ல் வெடித்தது. சினிமா பிரமுகர்கள் பெயர்கள் அடிபட்டன. கேரள குற்றப்பிரிவு போலீசார் வழக்கு போட்டனர். கோடி ரூபாய் காருக்குச் செய்ததை 10 லட்ச ரூபாய் காருக்கும் செய்திருக்கிறார்கள் போலும்!

ஒரு வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. கட்டாத வரி, விசாரணை என்று எது வந்தாலும் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் முதலில் வந்து தட்டுவார்கள். அப்போது சாவி குமாஸ்தா கையில் இருக்கும்.

அவர் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டுக்காரம்மா சொன்னார்.

பேரம் முடிந்தது

மூன்றாம் நாள் விழுப்புரம் போனார். போலோவின் நம்பர் டி.என்.32. விற்கிறவர் ஆசிரியர், நேரிலேயே உட்கார்ந்து பேசினார். வங்கிக் கடன் முடிந்த 35-ம் நம்பர் பாரம் இருந்தது. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டிப் பார்த்ததில் அபராத பாக்கியும் இல்லை.

"பேரை மாத்தாம வண்டியை விடமாட்டேன் சார்" என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருப்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார்.

நடுக்கத்தைக் காட்டி கிளச் செலவைக் கேட்டார் குமாஸ்தா. 60 ஆயிரம் குறைந்தது. தடையில்லாச் சான்று வாங்கி, முதலியார்பேட்டை போக்குவரத்து அலுவலகத்தில் வரி கட்டி, பி.ஒய். நம்பர் வாங்க ஆறு வாரம் ஆனது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு மரக்காணம் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறார். வீட்டுக்காரம்மாவும் கூடவே போகிறார்.

தேள் கார் இன்னும் தரகர் கொட்டகையில்தான் நிற்கிறது. போன வாரம் யாரோ ஒரு இளைஞர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனாராம்.