சம்மன் வந்துவிட்டது, வக்கீல் வரவில்லை

அமீனா கொடுத்துவிட்டுப் போன சம்மனின் நகலைக் கடிதத்தோடு மடித்து அனுப்பி, "கோர்ட்டே இலவசமாக வக்கீல் கொடுக்குமாமே, அதுவரை காத்திருக்கலாமா?" என்று கேட்கிறார்கள் வாசகர்கள். காத்திருக்கக் கூடாது. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளில் எதிருரை தாக்கலாக வேண்டும். இலவச வக்கீலுக்கு மனுப் போட்டதால் அந்தக் கணக்கு நிற்காது.

வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வக்கீல் வைத்துத் தருவதைச் சினிமாவில் பார்த்திருப்போம். அது கிரிமினல் வழக்கு. நிலம், வாடகை, கடன் என்று சிவிலுக்கு வந்தால் கதை வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளையில் 9ஏ என்றொரு விதி, 1976 திருத்தத்தில் நுழைந்தது. கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாமல் வறியவராக (பழைய குமாஸ்தாக்கள் வாயில் இன்னும் 'பாப்பர்'தான்) வழக்குத் தொடர அனுமதி பெற்றவருக்கு வக்கீல் இல்லையென்றால், நீதிமன்றம் ஒருவரை அமர்த்தலாம். 'அமர்த்தலாம்' என்றுதான் இருக்கிறது. அதுவும் வழக்குப் போட்டவருக்கு. வழக்கை வாங்கிக் கட்டிக்கொண்ட பிரதிவாதி, தானும் ஏதாவது எதிர்க்கோரிக்கை எழுப்பினால் ஒழிய, இந்த விதிக்குள் வரமாட்டார்.

அவருக்கு மிஞ்சுவது சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்தால் மனம் குளிரும்: பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானமே பார்க்க வேண்டியதில்லை. அதிகாரிகள் மேடையில் பேசுவதும் இந்தப் பிரிவைத்தான். அடுத்த பிரிவை யாரும் பேசுவதில்லை. தகுதிப் பட்டியலில் இருந்தால் போதாது. உங்கள் தரப்பில் முகாந்திரம் இருப்பதாக ஆணைக்குழு திருப்தியடைய வேண்டும் என்கிறது 13. தகுதிக்குப் பெரும்பாலும் ஓர் அபிடவிட்டே போதும். முகாந்திரத்தை எப்படிக் காட்டுவது? பிராதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாததால்தானே மனிதர் வக்கீல் கேட்டே வந்திருக்கிறார்!

வீண் வழக்குக்கு மக்கள் பணம் போகக்கூடாது என்பார்கள். வாதி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். பிரதிவாதி விரும்பியா கோர்ட்டுக்கு வந்தார்? முகாந்திரம் இல்லையென்று அவரைத் திருப்பி அனுப்பினாலும் வழக்கு நின்றுவிடாது. வக்கீல் இல்லாமல் நடக்கும், அவ்வளவுதான்.

ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். பிராது நகல், பத்திரம், ரசீது எல்லாவற்றோடும், எதிராளி சொல்வதில் எது தவறு என்று நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். முதல் வாய்தாவில் நேரில் ஆஜராகி, சட்ட உதவிக்கு மனுச் செய்திருப்பதை எழுத்தில் கொடுத்து அவகாசம் கேளுங்கள். காரணத்தைப் பதிவு செய்து, சம்மன் கிடைத்த நாளிலிருந்து 90 நாள் வரை நீதிபதி அவகாசம் தரலாம்.

மற்றக் கேள்விகள்:

மனு எங்கே கொடுப்பது? கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில்; தொலைபேசி 15100.

வருமான வரம்பு எவ்வளவு? மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

நியமித்த வக்கீல் பணம் கேட்டால்? கேட்கக்கூடாது, புகார் கொடுங்கள்.

மனுவைத் தள்ளிவிட்டால்? ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு உண்டு.

ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால்? தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாளில் ரத்துக் கோரலாம். சம்மனே முறையாக வரவில்லையென்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து.

வக்கீல் கிடைக்கும்வரை வழக்கை நிறுத்திவைக்கச் சொல்லலாமா? சொல்லலாம். நிறுத்தியாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.