ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா?

"அம்மை ஒருமுறை போட்டால் மறுமுறை போடாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொரோனாவையும் எங்கள் வீட்டார் அப்படித்தான் எண்ணினோம். 2021 மே மாதம் எங்கள் நால்வருக்கும் அந்நோய் வந்து குணமாயிற்று. 2022 ஜனவரியில், நான் ஆறாம் வகுப்பில் படிக்கையில், எனக்குத் தொண்டை கரகரத்தது. "நமக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே!" என்று முகக்கவசம் இல்லாமல் அம்மாச்சியைப் பார்க்கப் போனேன். மூன்றாம் நாள் அம்மாச்சி காய்ச்சலில் படுத்தார்கள். சோதித்ததில் எங்கள் இருவருக்குமே கொரோனா! இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்த அம்மாச்சி பத்து நாளில் எழுந்துவிட்டார்கள். என் மனம்தான் நெடுநாள் உறுத்திற்று. வந்த நோய் ஏன் மறுபடியும் வந்தது? அதை அறிய முயன்றதன் பயனே இக்கட்டுரை.

நம் உடலை ஒரு கோட்டை என்று வைத்துக்கொள்வோம். கொரோனா வைரஸின் மேற்புறத்தில் முள் போன்ற புரதங்கள் உள்ளன. அவற்றைச் சாவியாகக் கொண்டு அது நம் செல்களுக்குள் நுழைகிறது. அதன்பின் நம் வெள்ளை அணுக்கள் 'எதிர்ப்பொருள்' என்னும் புரதத்தை உண்டாக்குகின்றன. இது அந்த முள்ளைப் பற்றிக்கொள்வதால் வைரஸ் உள்ளே நுழைய இயலாது போகிறது.

நோய் தீர்ந்தபின் சில மாதங்களில் எதிர்ப்பொருள் மெல்லக் குறைகிறது. போர் முடிந்தபின் படை முழுவதும் வாயிலிலேயே நிற்பதில்லை அல்லவா? ஆனால் 'நினைவாற்றல் செல்கள்' பகைவனின் அடையாளத்தை மறப்பதில்லை. அவன் மீண்டும் வந்தால் விரைந்து படை திரட்டுகின்றன. ஆகவே வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் புகுந்துவிட்டாலும், பெரும்பாலும் நுரையீரலைத் தாக்குமுன் தடுக்கப்படுகிறது.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகரருகே சளி நோயை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ஒருவகைக் கொரோனா வைரஸை அங்கே 15 தொண்டர்களின் மூக்கில் இட்டனர். 10 பேருக்குத் தொற்றியது. அவர்களில் 8 பேருக்குச் சளி பிடித்தது. ஓராண்டு கழித்து, முன்பு தொற்றியவர்களில் 9 பேருக்கு அதே வைரஸை மீண்டும் இட்டனர். 6 பேருக்குத் தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை! இம்முடிவு 1990-இல் வெளியாயிற்று. நோய் தெரியாமலே வைரஸைச் சுமக்க முடியும் என்பதே இதில் நாம் அறிய வேண்டியது.

இப்போது பிரேசில் நாட்டுக்குச் செல்வோம். அமேசான் காட்டின் நடுவே இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரம் மனாஸ். 2020-இல் கொரோனா அங்கே பெரும் அழிவு செய்தது. இரத்ததானம் செய்தவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருளைச் சோதித்த அறிஞர்கள், அவ்வாண்டு அக்டோபருக்குள் 76 சதவீதத்தினருக்குத் தொற்று வந்திருக்கும் என்று கணித்தனர். இனி நோய் பரவாது என்று பலர் நம்பினர். ஆனால் 2021 ஜனவரியில் நோய் மீண்டும் சீறி எழுந்தது. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் மூச்சுத் திணறி இறந்தனர். அண்டை நாடான வெனிசுவேலா லாரிகளில் ஆக்சிஜன் அனுப்பி உதவிற்று.

காரணம் என்ன? முதற்கணக்கு சற்று மிகையாக இருந்திருக்கலாம். பலருக்கு எதிர்ப்பொருள் குறைந்திருக்கலாம். அத்துடன் 'காமா' என்னும் புதிய உருவில் வைரஸ் வந்தது. அதன் முட்கள் மாறியிருந்ததால் பழைய எதிர்ப்பொருளால் அவற்றை நன்கு பற்ற இயலவில்லை. 2021 நவம்பரில் கண்டறியப்பட்ட 'ஒமிக்ரான்' முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களை முட்களில் கொண்டிருந்தது. உலகெங்கும் மறுதொற்றுகள் பெருகின. எங்கள் வீட்டுக்கு நோய் இரண்டாம் முறை வந்ததும் அந்த அலையின்போதுதான்.

அப்படியானால் எதிர்ப்பொருளால் பயனே இல்லையா? உண்டு, தோழியரே! அது பெரும்பாலோரைக் கடும் நோயிலிருந்து காக்கிறது. தடுப்பூசியோ, நோயின் ஆபத்து இன்றியே அக்காவலைத் தருகிறது. ஆனால் நமக்குள்ள காவல் நம் பக்கத்தில் இருக்கும் முதியவருக்குக் காவல் ஆகாது. நமக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாக இருப்பது அவர்களுக்கு உயிராபத்தாகலாம்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்தது. வைரஸ் மறைந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. இருமலும் சளியும் உள்ள நாட்களில் தாத்தா பாட்டியிடம் போகாதிருப்போம். போகத்தான் வேண்டுமென்றால் முகக்கவசம் அணிவோம். "எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது" என்று இனி நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி