மழை விட்ட பிறகு

"பெரியப்பா, நீங்களும் பாருங்க. பாத்துட்டு அப்புறமா திட்டுங்க" என்றாள் என் தம்பி மகள். பிளஸ் டூ படிப்பவள். அவள் ஆழ்ந்து பார்த்துக் கொண்டிருந்தது ஒரு ஜப்பானியச் சித்திரத் தொடர். 17 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, தான் வேலை பார்க்கும் உணவகத்தின் 45 வயது மேலாளரைக் காதலிக்கும் கதை என்றாள். கேட்டதும் அவளுடைய அம்மா டி.வி.யை அணைத்துவிட்டாள். நியாயமான கோபந்தான். ஆயினும் வழக்கைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்லவே! 12 பகுதிகளையும் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததையும், அதையொட்டி அறிந்து கொண்டதையும் நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

முதலில் இரண்டு சொற்கள். ஜப்பானியச் சித்திரக் கதைக்கு 'மங்கா' என்று பெயர். நம் ஊறுகாய் மாங்காய்க்கும் இதற்கும் தொடர்பில்லை! அதுவே அசையும் படமாக வந்தால் 'அனிமே'. கார்ட்டூன் என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. ஜப்பானில் அப்படியில்லை. சிறுவர்களுக்கு 'ஷோனென்', சிறுமியருக்கு 'ஷோஜோ', வளர்ந்த ஆண்களுக்கு 'செய்னென்', வளர்ந்த பெண்களுக்கு 'ஜோசெய்' என்று வாசகருக்குத் தக்கபடி பத்திரிகைகளே தனித்தனியாக வெளிவருகின்றன.

நான் பார்த்த தொடரின் பெயர் 'கொய் வா அமேஅகாரி நோ யோ நி'. காதல் என்பது மழை விட்ட பிறகு போன்றது என்று பொருள் கொள்ளலாம். ஜுன் மயுசுகி என்ற பெண்மணி 2014 முதல் 2018 வரை எழுதி வரைந்த மங்கா இது, 10 தொகுதிகள். 2018-இல் ஷோககுகான் மங்கா விருது பெற்றது. அதே ஆண்டில் அயுமு வதனபே இயக்க, விட் ஸ்டூடியோ இதை அனிமேயாகத் தயாரித்தது. நடிகர்கள் நடித்த திரைப்படமும் அவ்வாண்டே வந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மங்கா வெளியானது வளர்ந்த ஆண்களுக்கான பத்திரிகையில். நடுவயது ஆண்களும் படிக்கிற இதழில், அழகிய பள்ளி மாணவி ஒருத்தி நடுவயது ஆணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள் என்றால், இது யாருடைய கனவு என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். என் தம்பி மனைவியின் கோபத்தில் இருந்த நியாயம் இதுதான்.

இனி கதை. அகிரா தச்சிபானா பள்ளியின் சிறந்த ஓட்டப் பந்தய வீராங்கனை. குதிகாலின் தசைநார் அறுந்து போகிறது. ஓட்டம் நின்று விடுகிறது. அதோடு தோழிகளின் கூட்டமும் விலகிப் போகிறது. மழை பெய்யும் ஒரு நாளில் ஓர் உணவகத்தில் ஒதுங்கி, வாடிய முகத்துடன் உட்கார்ந்திருக்கிறாள். மேலாளர் கோந்தோ காசு வாங்காமல் ஒரு கோப்பைக் காப்பி கொடுத்து, மழை சீக்கிரம் விட்டுவிடும் என்று ஆறுதல் சொல்கிறார். அவ்வளவுதான். அந்தச் சிறு பரிவு அவள் மனத்தில் காதலாக வேர்விடுகிறது. அங்கேயே பகுதி நேர வேலைக்கும் சேர்ந்து விடுகிறாள்.

கோந்தோ கதாநாயகருக்குரிய இலட்சணம் எதுவும் இல்லாதவர். மணமுறிவு ஆனவர், சிறு மகன் உண்டு. எழுத்தாளராகும் ஆசையைப் பாதியில் மூட்டை கட்டியவர். தலையில் வழுக்கை விழத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பெண் நேருக்கு நேர் வந்து தன் காதலைச் சொல்லும்போது அவர் மகிழ்வதைவிட மிரளுவதே அதிகம். 28 ஆண்டு இடைவெளி அவருக்கு மறப்பதில்லை.

தொடர் முழுவதும் குற்றமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு புயல் நாளில் அகிரா அவர் வீடு தேடி வருகிறாள். அப்போது அவர் அவளை அணைத்துக் கொள்கிறார். உடனே தெளிந்து, நண்பனாக மட்டுமே என்கிறார். எனக்கு அந்தக் காட்சி உறுத்தியது. உறுத்த வேண்டியதுதான். ஆனால் கதை அங்கே வழுக்கி விழவில்லை. கூட்டத்தோடு பறந்து போகத் தவறிய தகைவிலான் குருவியைப் பற்றி அவர் அவளிடம் பேசுகிறார். அங்கேயே அது சுகமாக இருந்துவிடலாம். ஆனால் பறப்பதைக் கைவிட்டதனால் தங்கியதென்றால், வானத்தைப் பார்த்துக் கொண்டேதான் இருக்கும் என்பது அவர் சொல்லும் கருத்து. முடிவில் அவள் ஓடுகளத்திற்குத் திரும்புகிறாள். அவர் மீண்டும் பேனாவை எடுக்கிறார். இருவரும் இணைவதில்லை. உணவகம் அவளுக்கு மழைக்கு ஒதுங்கிய திண்ணை; குடியிருக்கும் வீடு அன்று.

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. யுமி உனிதாவின் 'உசாகி துரோப்பு' (2005-2011) மங்காவில் 30 வயது தைகிச்சி, தன் தாத்தா விட்டுச் சென்ற ஆறு வயது மகள் ரின்னை எடுத்து வளர்க்கிறான். உறவு முறையில் சித்தியாக வேண்டிய குழந்தை! முதல் பாதி, தகப்பன் மனத்தின் அருமையான சித்திரம். பிற்பாதியில் பத்தாண்டுகள் கடக்கின்றன. அவர்களிடையே இரத்த உறவு இல்லை என்று தெரியவந்து, ரின் அவனையே மணக்க விரும்புகிறாள், அவனும் இசைகிறான். வாசகர் பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. 2011-இல் வந்த அனிமே ரின்னின் குழந்தைப் பருவத்தோடு நின்று கொண்டது. 11-ஆம் நூற்றாண்டின் 'கென்ஜி' கதையிலேயே, ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுமியை எடுத்து வளர்த்துப் பின் மனைவியாக்கிக் கொள்ளும் நாயகனைக் காண்கிறோம். விஷயம் பழையது; அதை நோக்கும் கண்தான் மாறி வருகிறது.

சட்டமும் மாறியது. அகிராவின் கதை தொடங்கிய 2014-இல், ஜப்பானில் பெற்றோர் சம்மதத்துடன் 16 வயதுப் பெண் மணம் செய்யலாம். 2022 ஏப்ரலில்தான் அது 18 ஆயிற்று. 18-க்குக் கீழ்ப்பட்டோரிடம் தகாத முறையில் நடப்பதை உள்ளூர் ஆட்சிகளின் விதிகள் தண்டித்து வந்தபோதும், 1907-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் பாலுறவுக்கு இசையும் வயதை 13 என்றே வைத்திருந்தது. 2023-இல்தான் 16 ஆக உயர்த்தினார்கள். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. குழந்தையின் சம்மதம் சம்மதமாகாது.

பார்த்து முடித்த அன்று தம்பி மகளிடம், "கோந்தோ நல்ல மனுஷர்தான்" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அவர் நல்லவரா இல்லாமப் போயிருந்தா, பெரியப்பா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. அகிராவின் காதலில் களங்கமில்லை. அந்த வயதில் அது இயற்கை. ஆனால் அவளைக் காத்தது ஒரு தனி மனிதரின் மனச்சாட்சி மட்டுமே. தாய்க்குத் தெரியாது, தோழி ஒதுங்கி நின்றாள், பள்ளி கவனிக்கவில்லை. கால் முறிந்த நாளில் வீட்டிலேயே யாராவது அருகில் உட்கார்ந்து பேசியிருந்தால், ஒரு கோப்பைக் காப்பி அவளுக்கு அத்தனை பெரிதாகத் தோன்றியிருக்குமா?

டி.வி.யை அணைப்பது எளிது. ஆனால் அணைத்திருந்தால் அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டிருக்க மாட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். இடையிடையே சண்டையும் நடக்கிறது. நடக்கட்டும்!