காரை விற்கும்போது வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா? அமெரிக்காவாசிகளுக்கு ஒரு கேரேஜ் கைடு!

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ, மகள் வீட்டுக்கோ போய் வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கார் வீட்டை நெருங்கும்போது, ஓட்டுகிறவர் கையை உயர்த்தி ரியர்வியூ கண்ணாடியின் அடியில் ஒரு பட்டனை அழுத்துவார். கேரேஜ் கதவு கடகடவென்று மேலே ஏறும். கார் உள்ளே போனதும் மறுபடியும் அதே பட்டன். கதவு இறங்கிவிடும். கேரேஜின் உள்பக்கம் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் நேராக வீட்டுக்குள் போய்விடலாம். வாசல் கதவைத் தொடாமலே பல நாள்கள் ஓடிவிடும்.

யோசித்துப் பாருங்கள். அந்த வீடுகளுக்கு உண்மையான வாசல் கேரேஜ்தான். உண்மையான சாவி, காருக்குள் இருக்கும் அந்தப் பட்டன்தான். ஆனால், சாவிக்கொத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்பவர்கள்கூட, காரை விற்கும்போது இந்தப் பட்டனை மறந்துவிடுகிறார்கள். இதை செட் செய்வது எப்படி, அழிப்பது எப்படி... இரண்டையும் பார்ப்போம்.

அந்த பட்டனில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான கார்களில் இந்த வசதியின் பெயர் 'ஹோம்லிங்க்'. சின்ன வீடு மாதிரி ஒரு படமும் வரிசையாக மூன்று பட்டன்களும் இருக்கும். கண்ணாடியிலோ, தலைக்கு மேலே விளக்கு இருக்கும் இடத்திலோ, சன் வைசரிலோ தேடிப் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த தொழில்நுட்பம் இது. ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்திடம் இருந்த இந்தத் தொழிலை, 2013-ல் கார் கண்ணாடிகள் தயாரிக்கும் ஜென்டெக்ஸ் வாங்கியது.

இதற்கு இன்டர்நெட் வேண்டாம், போன் வேண்டாம். கையில் வைத்திருக்கும் ரிமோட் அனுப்பும் ரேடியோ சிக்னலைக் கற்றுக்கொண்டு, அதே வேலையைத் தானே செய்யும். ஒரு பட்டன் கேரேஜுக்கு, இன்னொன்று குடியிருப்பின் மெயின் கேட்டுக்கு என்று மூன்றையும் தனித்தனியாகப் பயன்படுத்தலாம்.

காருக்கு மட்டும் சொன்னால் போதாதா?

பழைய கேரேஜ் ரிமோட்களுக்குள் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். 12 ஸ்விட்ச் என்றால் மொத்தமே 4,096 விதமான கோடுகள்தான். 2015-ல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் விளையாடும் ஒரு மெசேஜ் பொம்மையைக் கொஞ்சம் மாற்றி, இப்படிப்பட்ட கதவுகளை 10 விநாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார்.

1990-களின் நடுவில் வந்த 'ரோலிங் கோடு' முறை இதற்குத் தீர்வு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கோடு மாறும். அடுத்து வரவேண்டிய கோடு என்ன என்பது ரிமோட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும்தான் தெரியும். நேற்றைய சிக்னலை யாராவது காப்பி அடித்து வைத்திருந்தாலும் இன்று அது செல்லாது. அதனால்தான் ரிமோட்டைக் காருக்கு அறிமுகப்படுத்தினால் மட்டும் போதாது, காரை மோட்டாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டும். பலர் பாதியில் நிற்பது இங்கேதான்.

செட் செய்வது எப்படி?

முதலில் காரை கேரேஜுக்கு வெளியே நிறுத்துங்கள். இன்ஜின் ஓட வேண்டாம், இக்னிஷன் மட்டும் ஆனில் இருந்தால் போதும். மூடிய கேரேஜில் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரை எடுத்துவிடும். கதவின் அருகே குழந்தைகள் நிற்க வேண்டாம். ரிமோட்டில் புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.

1. பழைய கார் வாங்கியிருக்கிறீர்களா? முதலில் அழியுங்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். 10 முதல் 20 விநாடிகளில் லைட் வேகமாகச் சிமிட்டும். கையை எடுத்துவிடலாம். இதில் மூன்று பட்டன்களின் மெமரியும் அழிந்துவிடும். எனவே, இரண்டாவது கதவை மட்டும் சேர்க்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

2. ரிமோட்டை காரின் பட்டனுக்கு அருகே, 3 முதல் 8 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். காரின் பட்டன், ரிமோட்டின் பட்டன் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகச் சிமிட்டும் லைட் வேகமாகச் சிமிட்டினால், கார் கற்றுக்கொண்டுவிட்டது. கனடாவில் விற்கும் ரிமோட்கள் ஓரிரு விநாடிகளில் சிக்னலை நிறுத்திவிடும். அங்கே இருப்பவர்கள் காரின் பட்டனைப் பிடித்தபடி, ரிமோட்டை மட்டும் விட்டு விட்டு அழுத்த வேண்டும்.

3. இப்போது காரின் பட்டனை மட்டும் அழுத்துங்கள். லைட் நிலையாக எரிந்து கதவும் நகர்ந்தால் வேலை முடிந்தது. இரண்டு விநாடி சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால், உங்களுடையது ரோலிங் கோடு. அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

4. கேரேஜ் கூரையில் தொங்கும் மோட்டாரில் 'லேர்ன்' என்ற பட்டன் இருக்கும். ஏணி வேண்டியிருக்கும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருமுறை அழுத்தி விட்டால் சுமார் 30 விநாடி அவகாசம். அதற்குள் காரில் இருப்பவர் பட்டனை இரண்டு விநாடி அழுத்தி விட வேண்டும். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் கதவு நகரும்.

காருக்குக் கார் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. மேனுவலை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா?

சேம்பர்லின், லிஃப்ட்மாஸ்டர் மோட்டார் என்றால் லேர்ன் பட்டனின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் 2011-க்குப் பிறகு வந்த புது முறை. பழைய கார்களில் சிலவற்றுக்கு இந்த மொழி புரியாது. இடையில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி வேலை செய்யும் 'பிரிட்ஜ்' என்ற சின்னக் கருவியை வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். எல்லா கார்களிலும் ஹோம்லிங்க் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களில்கூட, 2019-க்குப் பிறகு அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

விற்கும் முன்பு 20 விநாடி

காரை விற்றாலும், லீஸ் முடிந்து திருப்பிக் கொடுத்தாலும், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டு போனாலும் பட்டனில் உங்கள் வீட்டுக் கதவு அப்படியே பதிந்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால் அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். மேலே சொன்ன இரண்டு பட்டன் முறைதான் சரி. முகவரி தெரியாமல் என்ன செய்துவிட முடியும் என்கிறீர்களா? டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் பழைய சர்வீஸ் பில்லையும், நேவிகேஷனில் 'ஹோம்' என்று சேமித்திருப்பதையும் ஒருமுறை பாருங்கள். இரண்டும் உங்கள் வீட்டுக்கு வழிகாட்டும்.

காரை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அதற்கும் வழி உண்டு. பெரும்பாலான மோட்டார்களில் லேர்ன் பட்டனை, அதன் லைட் அணையும் வரை அழுத்திப் பிடித்தால் பதிவாகியிருக்கும் ரிமோட்கள் எல்லாமே அழிந்துவிடும். பிறகு உங்கள் ரிமோட்களையும் காரையும் மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கிக் குடியேறுபவர்களும் இதைச் செய்ய வேண்டும். முன்னாள் உரிமையாளரின் காருக்கும், அவர் எப்போதோ தொலைத்த ரிமோட்டுக்கும் உங்கள் கதவு இன்னும் திறக்கலாம். வாசல் பூட்டை மாற்றுகிறவர்கள் கேரேஜ் மோட்டாரை நினைப்பதே இல்லை. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

தெருவில் நிறுத்திய காரை உடைத்தால் திருடனுக்கு முதலில் கிடைப்பதும் இதே பட்டன்தான். அதனால் கேரேஜிலிருந்து வீட்டுக்குள் போகும் அந்தச் சின்னக் கதவை இரவில் பூட்டுங்கள். கேரேஜ் கதவு மூடியிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

பேரக்குழந்தைகள் இருக்கும் வீடா?

அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு கேரேஜ் மோட்டார்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கட்டாயம். பல வீடுகளில் கதவின் இரு பக்கமும், தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், ஒரு சென்சார் ஜோடி இருக்கும். நடுவில் யாராவது வந்தால், இறங்கும் கதவு மேலே திரும்பிவிடும். மாதம் ஒருமுறை, கதவு இறங்கும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் குறுக்கே தள்ளிப் பாருங்கள். கதவு மேலே போகவில்லை என்றால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காரிலிருந்து பட்டனை அழுத்தும்போதும், கதவு தரையைத் தொடும் வரை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இந்த வாரம் வீடியோ காலில் பிள்ளைகளிடம் பேசும்போது, சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரித்த பிறகு இதையும் கேட்டு வையுங்கள்: "போன வருஷம் வித்தியே பழைய கார், அதுல கேரேஜ் பட்டனை அழிச்சியாப்பா?" பதில் வரத் தாமதமானால், இந்தக் கட்டுரையை அப்படியே ஃபார்வர்டு செய்துவிடுங்கள்!